திருகோணமலையில் இருட்டறை வேலை கையால் பழக எங்கிருந்து தொடங்கலாம்?

கடலோரக்கமரா எழுதியது:

வணக்கம். நான் உப்புவெளியில் இருக்கிறேன், பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். மாமாவின் அலுமாரியில் கிடந்த யாஷிக்கா எலெக்ட்ரோ 35 கமரா ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. வில்லையில் பூஞ்சணம் இல்லை, அழுத்தினால் ஷட்டர் அடிக்கிறது. ஆனால் பற்றரி இல்லை. கடைகளில் கேட்டால் அந்தப் பற்றரியே இப்போது வருவதில்லை என்கிறார்கள்.

கமரா வந்த பிறகு ஆசை பெருத்துவிட்டது. பிலிமில் எடுப்பது மட்டும் போதாது, அதற்கு முந்திய காலத்து முறைகளையும் கையால் செய்து பார்க்க வேண்டும். வெயிலில் அச்சாகும் நீலப்படம் (சயனோடைப்), உப்புத்தாள் படம், ஊசித்துளைக் கமரா, கடைசியாக இருட்டறையில் பிலிம் கழுவித் தாளில் படம் போடுவது. வெளிநாடுகளில் இதற்கென்று ஒரு வாரப் பயிற்சிகள் வைக்கிறார்கள். ரிக்கெற் காசை நினைத்தாலே தலை சுற்றுகிறது. நகரில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் சிலரிடம் கேட்டேன், "அதெல்லாம் அந்தக் காலம் ரீச்சர்" என்று சிரித்தார்கள்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு சின்னக் குளியலறை, அதில் ஒரு யன்னல். வீட்டுக் கிணறு கொஞ்சம் உவர். குழாய்த் தண்ணீர் வரும், ஆனால் கூரைத் தாங்கியில் இருப்பது மத்தியானம் கை வைக்க முடியாத சூடு. இந்த ஊரில், இந்த வெக்கையில் இது சாத்தியமா? இரசாயனங்கள் எங்கே எடுப்பது? சரிவந்தால் லீவு நாட்களில் பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள யோசனை. அவர்கள் கை வைக்கக் கூடாத வேலை எது என்றும் சொல்லுங்கள்.

---

மட்டுநகரான் எழுதியது:

ரீச்சர், மனதை உடைக்கச் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு கறுப்புவெள்ளை றோல் விற்கிற விலைக்கு இரண்டு மூன்று பக்கெற் பால்மா வாங்கலாம். அதில் வருவது 36 படம். போனில் எடுத்து ஒரு வடிகட்டி போட்டால் அதே தோற்றம் வந்துவிடும், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியப்போவதும் இல்லை. பிறகு உங்கள் விருப்பம்.

---

சிவப்புபல்ப் எழுதியது:

பிள்ளை, சாத்தியம். ஆனால் கமராவை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

பிலிமில் தொடங்குகிறவர்கள் அனேகமாக இரண்டாவது றோலோடு விட்டுவிடுவார்கள். படம் சரிவராவிட்டால் பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எடுத்ததிலா, கழுவியதிலா, மருந்திலா? எல்லாம் மூடிய டப்பாவுக்குள் நடக்கிற சங்கதி. நீலப்படமும் உப்புத்தாளும் அப்படியல்ல, தாள் நிறம் மாறுவதை நின்று பார்க்கலாம். பிழைத்தால் இன்ன இடத்தில் பிழைத்தது என்று கண்ணே சொல்லிவிடும். வரலாற்றில் உப்புத்தாள்தான் மூத்தது, இங்கிலாந்தின் டால்பட் 1839இல் அறிவித்தார். ஆங்கில விஞ்ஞானி ஹெர்ஷல் நீலப்படத்தைக் கண்டுபிடித்தது 1842இல். ஆனாலும் நான் நீலத்தை முதலில் வைப்பேன். வெள்ளி விற்கிற விலையில் கை பழக முடியாது.

நான் யார் என்று கேட்பீர்கள். சின்ன வயதில் நகரில் ஒரு ஸ்ரூடியோவில் வேலைக்குச் சேர்ந்தவன். இருட்டறை கடையின் பின்பக்கம், மேலே தகரம். அடையாள அட்டைப் படம் எடுக்கும் காலம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசல்வரைக்கும் வரிசை. முதலாளி எனக்குக் காட்டித்தந்த முதல் பாடம் லைட்டும் இல்லை, கமராவும் இல்லை, தண்ணீர்தான். நெகட்டிவ் கழுவும் வேலையை விடியப்புறம் முடித்துவிடுவோம், அந்த நேரம் தாங்கித் தண்ணீர் ஆறியிருக்கும். பகலில் தாளில் படம் போடுவது மட்டும். தாள் கொஞ்சம் வெக்கையைப் பொறுக்கும், பிலிம் பொறுக்காது. வெளியூர்ப் புத்தகங்களில் 20 பாகை என்று எழுதியிருப்பார்கள். திருகோணமலையில் குழாயைத் திறந்தால் 29, 30. புத்தகத்துக்கும் நம் குழாய்க்கும் இடையில் இருக்கும் அந்தப் பத்துப் பாகைதான் இங்கே நீங்கள் பழக வேண்டிய வித்தை. மற்றதெல்லாம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

சரி, நீலப்படம். இரண்டு மருந்து. பச்சை நிறப் பெரிக் அமோனியம் சித்திரேற்று 25 கிராம், 100 மில்லிலீற்றர் தண்ணீரில். பொற்றாசியம் பெரிசயனைட்டு 10 கிராம், இன்னொரு 100 மில்லிலீற்றரில். தனித்தனிப் போத்தல், முடிந்தால் மண்ணிற மருந்துப் போத்தல். கரைக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பெற்றோல் செட்டில் விற்கும், காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர் வாங்குங்கள். தாளில் பூசும் நேரம் மட்டும் இரண்டிலும் சம அளவு எடுத்துக் கலக்குங்கள். யன்னலை மூடிவிட்டு மங்கலான மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் வேலை செய்யலாம், முழு இருட்டு தேவையில்லை. அகலத் தூரிகையால் ஒருமுறை நெடுக்கே, ஒருமுறை குறுக்கே. தூரிகையைச் சுற்றிய தகரத்தில் மருந்து படக்கூடாது, பட்டால் அந்த இடத்திலேயே நீலம் கட்டிவிடும். தாள் தடிப்பான வரைதல் தாளாக இருக்கட்டும்.

காய வைப்பது இருட்டில். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் மின்விசிறி இல்லாமலே காய்ந்துவிடும். வாடை தொடங்கிவிட்டால் நாள் முழுக்கத் தாள் ஈரமாகவே கிடக்கும், ஈரத் தாளில் வெள்ளையான இடமெல்லாம் நீலம் பிடிக்கும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இந்த வேலையைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. வெயிலும் இல்லை.

முதல் தாளில் படம் எதுவும் வேண்டாம். இலைகளை அடுக்கி, மேலே கண்ணாடி வைத்து, வெயிலில் வையுங்கள். இங்கே மத்தியான வெயிலுக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம். மணிக்கூட்டை நம்ப வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். மஞ்சட்பச்சையாக இருப்பது நீலமாகி, பிறகு சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்கு வரும். அப்படி "எரிந்து போய்விட்டதே" என்று நினைக்கும் வரைக்கும் விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் பயந்து முந்தி எடுத்துவிடுவார்கள், கழுவும்போது பாதி நீலம் தண்ணீரோடு போய்விடும். கழுவுவதற்குத் தண்ணீர் மட்டும் போதும். மஞ்சள் முழுக்கப் போக வேண்டும். காய்ந்த பிறகு ஒரு நாள் போக நீலம் தானாகக் கறுத்து வரும். அவசரமென்றால் கடைசித் தண்ணீரில் பாமசியில் விற்கும் ஐதரசன் பரவொட்சைட்டைக் கொஞ்சம் விட்டால் அந்தக் கணமே கறுக்கும்.

இலை அலுத்த பிறகு படத்துக்கு வாருங்கள். போனில் உள்ள படத்தைக் கறுப்புவெள்ளையாக்கி, வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றி, போட்டோகொப்பிக் கடையில் சாதாரணத் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். அந்தத் தாளின் பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, பஞ்சால் நன்றாக ஒற்றி எடுத்தால் வெளிச்சம் ஊடுருவும், அதுதான் நெகட்டிவ். எண்ணெய் மருந்துத் தாளில் ஒட்டாமல் நடுவில் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் வையுங்கள். வெயில் நேரம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போகும்.

மட்டுநகரானுக்கு: தம்பி, வடிகட்டி போட்டால் தோற்றம் வரும், உண்மை. ரீச்சர் கேட்டது தோற்றம் இல்லை.

---

உயர்தர இரசாயனம் எழுதியது:

இரசாயனவியல் படிப்பிப்பவன் என்ற முறையில் சில எச்சரிக்கைகள். ரீச்சர் பிள்ளைகளைச் சேர்க்கப்போகிறார் என்பதால் இதை விட்டுவிட முடியாது.

பொற்றாசியம் பெரிசயனைட்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதில் சயனைட்டு இரும்போடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, சாதாரணமாகக் கையாளும்போது வெளியே வராது. ஆனால் வலிமையான அமிலத்தோடு சேர்ந்தாலோ, மிகவும் சூடாக்கினாலோ ஐதரசன் சயனைட்டு வாயு வரும். எனவே கழிவறை கழுவும் அமிலப் போத்தல் இருக்கிற குளியலறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், முதலில் அந்தப் போத்தலை அப்புறப்படுத்துங்கள். வினாகிரியும் சித்திரிக்கமிலமும் மென்னமிலங்கள், கழுவும் தண்ணீரில் சில துளி விடுவதால் ஆபத்து இல்லை.

சித்திரேற்றுக் கரைசலில் பூஞ்சணம் பிடிக்கும். நம் வெக்கையில் சீக்கிரமே பிடிக்கும். குறைவாகக் கரைத்து வையுங்கள், பிடித்துவிட்டால் துணியில் வடித்துப் பாவிக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதென்றால் சாப்பாட்டோடு வைக்காமல் பூட்டுகிற டப்பாவில், பெயர் ஒட்டி. பெரிசயனைட்டுக் கரைசல் இருட்டில் மாதக் கணக்கில் கெடாது.

உப்புத்தாளுக்கு வரும்போது வெள்ளிநைத்திரேற்று. தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது, வெளிச்சம் பட்ட பிறகு கறுக்கும், தோல் உரியும்வரை போகாது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். என் கருத்து, பிள்ளைகள் நீலப்படம் முழுவதையும் செய்யட்டும், வெள்ளியைப் பூசும் வேலையை நீங்களே செய்யுங்கள்.

இரசாயனங்களைக் கொழும்பில் ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடைகளில் எடுக்கலாம். பாடசாலைக் கடிதம் கொண்டுபோனால் கேள்வி குறைவு.

இன்னொன்று, இதை ஒருவரும் சொல்வதில்லை. பாவித்த பிக்சரில், அதாவது படம் மேலும் கறுக்காமல் நிலைநிறுத்தும் மருந்தில், கரைந்த வெள்ளி இருக்கும். உப்புவெளி மணல் நிலம், ஊற்றியது கிணற்றுக்கு வர நாள் எடுக்காது. தேய்க்கிற இரும்புக் கம்பளியை அந்தப் பிக்சரில் ஊறவிட்டால் இரும்பு கரைந்து வெள்ளி சேறாக அடியில் படியும். மின்னிரசாயனத் தொடரைப் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் நான் கண்டதில்லை, எனக்கும் ஒரு போத்தல் தந்தால் வகுப்புக்குக் கொண்டுபோவேன்.

---

கடலோரக்கமரா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிவப்புபல்ப் ஐயா சொன்னபடி நீலத்தில் தொடங்கிவிட்டேன். வேப்பிலை, முருங்கையிலை, கரையில் ஒதுங்கிய கடற்பாசி. கடற்பாசிதான் அருமையாக வந்தது, தலைமயிர் போன்ற நார்கள்கூடப் பதிந்திருக்கின்றன.

ஒரு சந்தேகம். ஒரே தாளை இரண்டாக வெட்டி, ஒரே வெயிலில் ஒன்றாக வைத்து எடுத்தேன். ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன், மற்றதை வேண்டுமென்றே கிணற்றுத் தண்ணீரில். குழாயில் கழுவியது ஆழ்ந்த நீலம். கிணற்றில் கழுவியது வெளிறி, ஊதாச் சாயலாகிவிட்டது. உவர்த் தண்ணீர் நீலத்தைத் தின்னுமா?

---

சிவப்புபல்ப் எழுதியது:

உப்பு தின்னாது. காரம் தின்னும். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் காரத்தன்மை இருக்கிறது, நீலத்துக்கு அது ஆகாது. கழுவும் முதல் தண்ணீரில் ஒரு கரண்டி வினாகிரி விடுங்கள், அல்லது பாதித் தேசிக்காய் பிழியுங்கள். தாளும் சிலவேளை காரணமாக இருக்கும். நல்ல விலை கொடுத்து வாங்கும் தாள்களில் நெடுங்காலம் மஞ்சளாகாமல் இருக்கச் சுண்ணாம்புத் தூள் சேர்த்திருப்பார்கள், அதுவும் காரம்தான். மூலையில் ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் அந்தத் தாளை வாட்டர்கலருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீலத்தை அந்தக் காரம் தின்பதையே வேலையாகவும் மாற்றலாம். நன்றாக எரிந்த ஒரு நீலப்படத்தைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டால் படம் வெளிறி மஞ்சளாகும். முழுக்கப் போகவிடாமல் எடுத்து, கழுவி, சாயம் கூடிய தேயிலைச் சாயத்தில் ஊறவிடுங்கள். தேயிலையின் தனின் இரும்போடு சேர்ந்து படம் கபிலமும் கறுப்புமாகத் திரும்பி வரும். தாளும் கொஞ்சம் தேயிலை நிறம் பிடிக்கும், அது எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. டஸ்ற் தேயிலை போதும், நல்ல இலையை வீணாக்காதீர்கள்.

உவர்த் தண்ணீர் உண்மையில் விளையாட்டுக் காட்டுவது உப்புத்தாளில். வெள்ளிநைத்திரேற்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு துளி விழுந்தால் பால் போல வெளுக்கும். தண்ணீரில் உள்ள குளோரைட்டு வெள்ளியைப் பிடித்துவிடும். ஆனபடியால் வெள்ளியைக் கரைக்கப் பற்றரித் தண்ணீர் மட்டும், பாத்திரம் கழுவவும் அதே தண்ணீர். ஆனால் அந்த முறையே உப்பும் வெள்ளியும் தாளுக்குள் சந்திப்பதில்தான் நிற்கிறது. தாளை முதலில் இரண்டு வீத உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காய விடுவோம். பிறகு மங்கல் வெளிச்சத்தில் 12 வீத வெள்ளிநைத்திரேற்றைப் பூசுவோம். தாளுக்குள்ளேயே வெள்ளிக்குளோரைட்டு உண்டாகும், அதுதான் வெயிலில் கறுக்கும்.

உப்புக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கடல்நீரில் ஏறத்தாழ மூன்றரை வீதம் உப்பு. பங்குனி சித்திரையில், ஆறு கலக்காத நேரம், டச்சுக்குடாவில் ஒரு போத்தல் அள்ளி, துணியில் வடித்து, பற்றரித் தண்ணீர் சரிபாதி கலந்தால் கணக்குச் சரி. நான் செய்து பார்த்திருக்கிறேன். கடல்நீரில் வேறு உப்புகளும் இருப்பதால் நிறம் கொஞ்சம் மாறி வரும், அவ்வளவுதான்.

வெயிலில் வைக்கும்போது வேண்டியதைவிடக் கறுப்பாக விடுங்கள், பிக்சரில் போட்டதும் வெளிறும். எடுத்தவுடன் நேரே பிக்சரில் போடக் கூடாது. முதலில் கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணீரில் அலசுங்கள், மிச்ச வெள்ளி பாலாகக் கழன்று போகும். தண்ணீர் பாலாவது நிற்கும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். பிறகு சோடியம் தயோசல்பேற்று, நாங்கள் ஹைப்போ என்போம், 10 முதல் 15 வீதம். அதன் பிறகு நீண்ட நேரம் தண்ணீர். ஹைப்போ தாளில் மிஞ்சினால் சில வருடத்தில் படம் மஞ்சளாகிப் போகும். பழைய கல்யாண அல்பங்களைப் பாருங்கள், எந்த ஸ்ரூடியோ தண்ணீரில் கஞ்சத்தனம் பிடித்தது என்று அதில் தெரியும்.

---

பழையபடம் எழுதியது:

பிறந்தது உவர்மலையில், இப்போது இருப்பது ரொறன்ரோவில். இங்கே நூலகத்தில் பழைய படங்களைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. கையால் செய்வது எனக்குத் தெரியாது, ஆனால் ரீச்சரின் கடற்பாசியைப் பற்றி ஒரு வார்த்தை. அன்னா அட்கின்ஸ் என்ற பெண் 1843இல் இதே நீலப்பட முறையில் பிரித்தானியக் கடற்பாசிகளைப் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். புகைப்படங்களோடு வந்த முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் உப்புவெளிப் பாசிகளுக்கு ஒன்று செய்யலாம்.

சிவப்புபல்ப் ஐயா தண்ணீரையும் வெக்கையையும் பற்றிச் சொன்னதைப் படித்ததும் நினைவுக்கு வந்த இன்னொருவர் ஜூலியா மார்கரெட் கமரன். இங்கிலாந்தில் பெயர் பெற்ற பிறகு 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்து களுத்துறையில் இருந்தார். 1879இல் இலங்கையிலேயே இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில். அவர் பாவித்தது ஈரத்தகட்டு முறை: கண்ணாடியில் கொலோடியன் என்ற ஒட்டும் திரவத்தைப் பூசி, வெள்ளியில் முக்கி, அது காய முன்னரே படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். களுத்துறை வெக்கையில் அது எத்தனை நிமிடம் ஈரமாக நின்றிருக்கும்? இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன.

வெக்கையைச் சமாளித்தவரும் உண்டு. லினியஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி 1857, 1858இல் மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் படம் எடுத்தார். ஈரத்தகடு வேண்டாமென்று, மெழுகு ஊட்டிய தாளை நெகட்டிவாகப் பாவித்தார். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார். ஐயா சொல்லும் தேங்காய் எண்ணெய்த் தாள் அதற்குத் தம்பி முறை.

---

கடலோரக்கமரா எழுதியது:

கமரனின் கல்லறை நம் நாட்டில் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. ஒரு மலைநாட்டுச் சுற்றுலாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஊசித்துளைக் கமராவுக்குப் பால்மா டின் ஒன்று கறுப்படித்து வைத்திருக்கிறேன். துளை எவ்வளவு, நேரம் எவ்வளவு? அதோடு யாஷிக்கா பற்றியும் சொல்லிவிடுங்கள் ஐயா. இனி மூடி வைக்க முடியாது போல இருக்கிறது.

---

சிவப்புபல்ப் எழுதியது:

துளையிலிருந்து தாளுக்கு 10 சென்ரிமீற்றர் என்றால் துளை 0.4 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் சரி. சோடா கான் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, ஊசியால் மெல்லக் குத்தி, பின்பக்கம் எழும்பும் பிசிறை மெல்லிய உரைதாளால் தேய்த்து எடுங்கள். துளை வட்டமாக இல்லாவிட்டால் படமும் மங்கும். உள்ளே பிலிம் வேண்டாம், கறுப்புவெள்ளைப் போட்டோத் தாளையே வையுங்கள். தாளின் வேகம் மிகக் குறைவு, ஐ.எஸ்.ஓ 6 அளவில் வைத்துக் கணக்குப் பாருங்கள், நல்ல வெயிலில் ஒரு நிமிடத்துக்குக் கிட்ட வரும். தாளுக்குச் சிவப்புத் தெரியாது, நீல வானம் மட்டும் கண்ணுக்குப் படும், அதனால் மத்தியானத்தில் எடுத்தால் சுண்ணாம்பும் கரியுமாக வரும். காலை ஏழு எட்டு மணி வெளிச்சம் நல்லது.

ஒரு புத்திமதி. கறுப்பு டேப் சுற்றிய டின்னைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு விலகி நிற்காதீர்கள். துறைமுகப் பக்கமும் வேண்டாம். அது பால்மா டின் என்று காவலில் நிற்பவருக்கு விளக்கி முடிக்க ஒரு நிமிடம் போதாது. கோட்டை மான்களை எடுக்க ஆசைப்பட்டாலும் அவை ஒரு நிமிடம் அசையாமல் நிற்கப்போவதில்லை. உப்புவெளிக் கடற்கரையில் வள்ளங்களை எடுங்கள், அல்லது வீட்டு முற்றத்தில் வையுங்கள்.

யாஷிக்கா எலெக்ட்ரோவுக்குப் பழைய பாதரசப் பற்றரி இப்போது செய்வதில்லை. 6 வோல்ற் சின்னப் பற்றரியைப் பொருத்த இடைச்சட்டம் வாங்கலாம், செய்யவும் செய்யலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பற்றரி இல்லாவிட்டால் அந்தக் கமரா எப்போதும் ஐந்நூறில் ஒரு செக்கனில் அடிக்கும். 400 வேகப் பிலிம், வில்லையின் துளை 16, திறந்த வெயில், ஐந்நூறில் ஒன்று: இது பழைய வெயில்-பதினாறுக் கணக்கு, இந்த ஊர் வெயிலுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். முதல் றோல் முழுவதையும் அப்படியே எடுங்கள். மேகம் வந்தால் துளையை 8க்குத் திறவுங்கள். மீற்றர் இல்லாமல் வெளிச்சம் பழக இதைவிட நல்ல வழி இல்லை.

கழுவுவது. டி-76 என்ற பிலிம் கழுவும் மருந்தில் ஒரு பங்கும் தண்ணீரில் ஒரு பங்கும். எச்பி5 என்ற 400 வேகப் பிலிமுக்கு 20 பாகையில் 11 நிமிடம். 24 பாகையில் 8 நிமிடத்துக்குக் கிட்ட. 30 பாகையில் செய்தால் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போய்விடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் மருந்தை ஊற்றி எடுப்பதற்குள்ளேயே ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்து, வரி விழும். பிலிமின் ஜெலற்றினும் வெக்கையில் இளகும், நகம் பட்டால் பெயர்ந்து வரும். ஆகவே 20க்கு இறக்கப் பாடுபட வேண்டாம், 24க்கு இறக்கினால் போதும். மீன் வாடியில் ஐஸ் வாங்கிப் பெரிய பேசினில் தண்ணீரோடு போடுங்கள். மருந்துப் போத்தல்கள், கழுவும் தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாவற்றையும் அதற்குள் நிறுத்துங்கள். ஐஸை மருந்துக்குள் போடாதீர்கள், மருந்து நீர்த்துவிடும், மீன் மணம் வேறு. எல்லாம் 24க்கு வந்த பிறகு தொடங்குங்கள். மருந்து 24இலும் கழுவும் தண்ணீர் 31இலும் இருந்தால் ஜெலற்றின் சுருங்கி விரிந்து, படம் முழுக்க நுண்ணிய சுருக்கம் விழும். புதிய பிலிம்கள் முன்னையவற்றைவிட உறுதி, ஆனாலும் சோதித்துப் பார்க்காதீர்கள். கழுவும் மருந்தின் வேலையை நிறுத்தும் ஸ்ரொப் பாத்துக்கு வினாகிரியை மூன்று பங்கு தண்ணீரில் கலந்தால் போதும்.

கடைசிக் கழுவலுக்குப் பிறகு பற்றரித் தண்ணீரில் ஒருமுறை அலசித் தொங்கவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் விட்டால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி தெரியும். தொங்கவிடும் இடம் குளியலறையாகவே இருக்கட்டும். கச்சான் அடிக்கும் நாளில் முற்றத்தில் தொங்கவிட்டால் மணல் முழுக்கப் பிலிமில் இருக்கும்.

---

மட்டுநகரான் எழுதியது:

இவ்வளவும் வாசித்த பிறகு எனக்கும் கை அரிக்கிறது. கோப்பியில் பிலிம் கழுவலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, கதையா?

---

உயர்தர இரசாயனம் எழுதியது:

உண்மை. 1995இல் அமெரிக்காவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பில் செய்து காட்டினார்கள். வேலை செய்வது கபெயின் அல்ல, கோப்பியில் உள்ள கபெயிக்கமிலம். அதற்குக் காரம் வேண்டும், ஆகவே சலவைச் சோடா. விற்றமின் சி சேர்த்தால் வேகம் கூடும். ஒரு லீற்றருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி 16 கிராம், உடனடிக் கோப்பித்தூள் 40 கிராம், 20 பாகையில் 15 நிமிடம். முதலில் சோடாவைக் கரைத்து, பிறகு விற்றமின் சி, கடைசியாகக் கோப்பி. நம் வீட்டில் வறுத்து இடித்த கோப்பி சரிவராது, தண்ணீரில் முழுக்கக் கரைகிற தூள் வேண்டும். மலிவானது நல்லது. 400 வேகப் பிலிமில் சாம்பல் மூட்டம் படியும், 100 வேகத்தில் தொடங்குங்கள். மணம் சகிக்காது, வீட்டில் ஆட்கள் இல்லாத நேரம் பாருங்கள். பிக்சருக்கு மட்டும் சமையலறையில் நல்ல மாற்று இல்லை, ஹைப்போ வாங்கத்தான் வேண்டும்.

---

கடலோரக்கமரா எழுதியது:

கடைசிக் கேள்வி ஐயா, பிறகு தொல்லை தரமாட்டேன். தாளில் படம் போட இருட்டறைச் சிவப்பு பல்ப் இங்கே எங்கும் இல்லை. மின்சாமான் கடையில் அலங்காரத்துக்கு விற்கும் சிவப்பு எல்ஈடி பல்ப் சரிவருமா?

---

சிவப்புபல்ப் எழுதியது:

சில பல்ப் சரிவரும், சிலது வராது. வெளியே சிவப்பு பூசிய வெள்ளை பல்ப் என்றால் வேண்டாம், உள்ளே எரிவதே சிவப்பாக இருக்க வேண்டும். வாங்க முன் ஒரு பழைய சீடியில் அதன் வெளிச்சத்தைத் தெறிக்க வைத்துப் பாருங்கள், சிவப்பைத் தவிரப் பச்சையோ நீலமோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகும் சோதிக்க வேண்டும். பல்பை மேசையிலிருந்து நாலடி உயரத்தில் மாட்டி, போட்டோத் தாள் ஒரு துண்டின் நடுவில் ஐந்து ரூபாய்க் குற்றி வைத்து, ஐந்து நிமிடம் எரியவிடுங்கள். பிறகு அணைத்துவிட்டு இருட்டிலேயே மருந்தில் போட்டு, பிக்சரிலும் போடுங்கள். குற்றி இருந்த இடம் வட்டமாக வெளுத்துத் தெரிந்தால் அந்த பல்ப் தாளைக் கெடுக்கிறது. தெரியாவிட்டால் பாவிக்கலாம். இந்தச் சிவப்பு தாளுக்கு மட்டும்தான். பிலிமை டப்பாவில் ஏற்றும்போது அதையும் அணைத்துவிட வேண்டும்.

யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் இரண்டு மடிப்பு. கதவின் கீழ் இடைவெளிக்கு ஈரச் சாக்கு. உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பத்து நிமிடம் சும்மா இருங்கள், கண் பழகிய பிறகுதான் ஓட்டைகள் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்கு இதைச் செய்யுங்கள், இரவில் பார்த்தால் எல்லா அறையும் இருட்டறைதான்.

தாள் இல்லையென்றால் என்னிடம் பழைய பெட்டி ஒன்று பாதி கிடக்கிறது, காலாவதியானது. படத்துக்குச் சாம்பல் விழும், ஊசித்துளைக்கும் இந்த பல்ப் சோதனைக்கும் போதும். தனிமடலில் எழுதுங்கள்.